சந்தனக் கலர் சீட்டில் சிவப்பு மை: ராமநாதபுரத்துக் குஷன் கடை பாய் செய்த வேலை

கடந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டைக் காரின் முன் சீட்டில் வைத்துவிட்டு, மகளை அரியமான் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். கட்டைச் சுற்றிய சணல் கயிற்றில், திருத்துகிற சிவப்புப் பால் பாயிண்ட் பேனாவை மூடி போடாமல் செருகியிருந்தேன். வண்டியைச் சவுக்கு நிழலில்தான் விட்டேன். நிழல் நகர்ந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் உள்ளே அடுப்பு மாதிரி அனல் அடித்தது. வெயிலில் மை இளகி வெளியே வழிந்திருக்கிறது. சீட்டின் நடுவில் பாதி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. பதறிப்போய்க் கட்டைத் தூக்கினேன். பேனா உருண்டு, சீட்டின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடும் இழுத்துவிட்டது.

எங்கள் கார் ஹோண்டா சிட்டி, 2014 மாடல். 2021-ல் என் கணவர் கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது மதுரையில் பார்த்து வாங்கியது. அவருக்கு அந்தக் காரில் பிடித்ததே சந்தனக் கலர் லெதர் சீட்தான். வீடியோ காலில் பேசும்போது, "வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியா?" என்று கேட்பதற்கு முன்னால், "சீட்டைத் துணி போட்டு மூடி வச்சிருக்கியா?" என்று கேட்பார். ஜூனில் அவர் வருவதாக இருந்தது. அதனால்தான் இந்தக் கறைக்காக ஒரு மாதம் அலைந்தேன். ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் லெதர் சீட் வண்டி வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்று, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. கைப்பையில் ஈரத் துடைப்பான் பாக்கெட் இருந்தது. அதை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். மை கரையவில்லை, பரவியது. பாதி உள்ளங்கை முழு உள்ளங்கை ஆனது. நான் அறிவியல் ஆசிரியை. வடிதாளில் மையைப் பிரித்துக் காட்டும் சோதனையை வருடா வருடம் வகுப்பில் செய்கிறேன். ஸ்கெட்ச் பேனா புள்ளி வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் நிறங்கள் மேலே ஏறும். பால் பாயிண்ட் பேனா புள்ளி தண்ணீரில் அசையாது. ஸ்பிரிட்டில் நிறுத்தினால்தான் நகரும். அந்த மையில் இருக்கும் சாயம் எண்ணெய்ப்பசை போன்ற திரவத்தில் கரைக்கப்பட்டது, தண்ணீருக்கு அது மசியாது. இவ்வளவும் தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் கை ஈரத் துணியைத்தான் தேடியது.

அப்புறம் நினைவு வந்து, பையில் இருந்த சானிடைசரை ஊற்றினேன். அதில் ஆல்கஹால் இருப்பதால் நிறையச் சிவப்பு பஞ்சில் ஏறி வந்தது. ஆனால் ஊற்றியது அதிகம், தேய்த்ததும் வட்டம் வட்டமாக. நடுவில் வெளுத்து, சுற்றிலும் ரோஸ் நிற வளையம் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா பற்பசை போடச் சொன்னார். பற்பசையில் இருப்பது நுண்ணிய அரைப்புத் தூள், தேய்த்தால் மையோடு சீட்டின் மேல் பூச்சும் போகும் என்பதால் தொடவில்லை. பள்ளியில் ஒருவர் நகப்பூச்சு நீக்கும் திரவம் என்றார். அசிட்டோன் கலந்ததை லெதர் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தவள், அதைவிட மோசமான ஒன்றை வேறொருவர் கையால் நடக்கவிட்டேன்.

ஒரு வாட்டர் வாஷ் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. வண்டி கழுவுவதில் அவர்கள் சுத்தமானவர்கள், இன்றும் சொல்வேன். "மை தானே, அஞ்சு நிமிஷம்" என்று ஒரு பையன் பழைய துணியில் எதையோ நனைத்துக்கொண்டு வந்தான். வாடை வந்தபிறகுதான் அது பெயிண்ட் தின்னர் என்று புரிந்தது. "தம்பி, நிறுத்து" என்று நான் சொல்வதற்குள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டான். துணியில் சிவப்போடு சந்தனக் கலரும் சேர்ந்து வந்தது. பத்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சீட் நிறம் உரிந்து, சாம்பல் வெள்ளையாகச் சொரசொரப்பாகிவிட்டது. நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அந்த இடத்தின் மேல் துண்டு ஒன்றை விரித்துவிட்டு, இரண்டு வாரம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரின் கணவர் ராமநாதபுரம் ஸ்டேஷனிலிருந்து ராமேஸ்வரத்துக்கு டாக்சி ஓட்டுகிறார். அவர்தான் "பாய்கிட்ட காட்டுங்க டீச்சர்" என்றார். ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, கீழக்கரைக்குப் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒரு குஷன் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் இரண்டு ஆட்டோ சீட், ஒரு டிராக்டர் சீட், பிரித்துப்போட்ட ஃபோம். பார்த்தவுடன் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாய்க்கு அறுபது வயது இருக்கும். சென்னையிலும் பிறகு சவூதியிலும் கார் சீட் வேலை பார்த்தவராம்.

அவர் செய்த முதல் காரியம்தான் எனக்குப் பிடித்தது. கறையைப் பார்க்கவே இல்லை, சீட்டைப் பார்த்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு பகுதியாகக் கட்டைவிரலால் அழுத்தி, சுருக்கம் விழுகிறதா என்று பார்த்தார். சீட்டின் அடியில் கை விட்டு ஓரத்தைப் புரட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"டீச்சர், நீங்க உக்கார்ற இடம், சாயுற இடம், இது ரெண்டும் தோலு. ரெண்டு பக்கமும், பின்னாடியும் ரெக்சின். முழுசும் லெதர்னு சொல்லித்தான் விப்பாங்க. பெரும்பாலும் வண்டியில இப்படித்தான் இருக்கும்."

அதைச் சொன்ன கையோடு ஒரு சொட்டுத் தண்ணீரைத் தோல் மேல் விட்டார். அது முத்தாக நின்றது. உரிந்துபோன இடத்தில் ஒரு சொட்டு விட்டார். உடனே உறிஞ்சிக் கருத்தது. எனக்குப் பாடம் நடத்துவது போலவே இருந்தது. கார் சீட் தோலுக்கு மேலே நிறப்பூச்சு, அதற்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பாதுகாப்புப் பூச்சு. மை முதலில் அந்த மேல் பூச்சில்தான் உட்காரும். நாள் ஆக ஆக, சூடு ஏற ஏற, கீழே இறங்கும். மேல் பூச்சு போன இடத்தில் மை, வியர்வை, காபி எது பட்டாலும் நேராகத் தோலுக்குள் போய்விடும். பூச்சே போடாத சீட்டும் உண்டாம், விலை உயர்ந்த வண்டிகளில். அதில் தண்ணீர்ச் சொட்டு நிற்காது. அப்படிப்பட்ட சீட்டில் கையே வைப்பதில்லை என்றார்.

ரெக்சின் கதை வேறு. தோலை விட ரெக்சினில் மை எடுப்பது சுலபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேர்மாறு. ரெக்சினை மெத்தென்று வைத்திருக்க அதற்குள் ஒரு எண்ணெய்ப்பொருள் கலந்திருக்கும். பேனா மைச் சாயம் அதில் கரைந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே போய்விடும். மேலே துடைத்தால் போனது மாதிரி இருக்கும், பத்து நாளில் திரும்பத் தெரியும். ஆகவே, "நடுவுல இருக்கிற கறை வந்துரும். ஓரத்துல இருக்கிற கோடு மங்கும், போகாது. தையல் நூல்ல ஏறினது அப்படியே இருக்கும். இதுக்குச் சம்மதம்னா வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். விலையையும் அப்போதே சொன்னார்: மை எடுக்க 500, உரிந்த இடத்துக்கு நிறம் ஏற்ற 900. "தின்னர் போடாம வந்திருந்தா 500-ஓட முடிஞ்சிருக்கும்" என்றார். யார் போட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் வண்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழு வேலையையும் பார்த்தேன்.

மை பக்கம் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் மணலைத்தான் எடுத்தார். மெல்லிய பிரஷால் தையல் இடுக்குகளைத் தட்டித் தட்டி, வேக்குவம் வைத்து உறிஞ்சினார். அரியமான், தனுஷ்கோடி என்று போய்வருகிற வண்டிகளில் இந்த மணல்தான் சீட்டைத் தின்கிறதாம். நாம் உட்கார்ந்து அசையும்போதெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல. மணல் இருக்கும்போது துணி வைத்துத் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். பிறகு லெதர் கிளீனரை நுரைக்க வைத்து, நுரையால் மட்டும் துடைத்தார். வெள்ளைத் துணி ஒவ்வொரு துடைப்பிலும் பழுப்பாக வந்தது. நான் சுத்தமாக வைத்திருப்பதாக நினைத்த சீட் அது.

அடுத்தது ஆல்கஹால். செல்போன் ரிப்பேர் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, ஐபிஏ, அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதுதான். முதலில் சீட்டின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பட்ஸில் தொட்டுப் பார்த்தார். பட்ஸில் சந்தனக் கலர் ஏறவில்லை. அப்புறம்தான் கறைக்கு வந்தார். ஒரு பட்ஸை நனைத்து, அதன் அதிக ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து, கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒரே ஒரு உருட்டு. தேய்ப்பது கிடையாது, உருட்டுவதுதான். பட்ஸ் சிவந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. சிவந்த பட்ஸை இரண்டாம் முறை வைத்தால், எடுத்த மையையே திரும்பப் பூசுவதாகும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அறுபத்தி இரண்டு பட்ஸ். ஐந்தாறு பட்ஸுக்கு ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டு, கட்டைவிரலால் தொட்டுப் பூச்சு இளகுகிறதா என்று பார்த்துக்கொண்டார். ஆல்கஹாலும் நேரம் கொடுத்தால் பூச்சைத் தின்னும். நான் சானிடைசர் ஊற்றி ஊறவிட்டது அதனால்தான் தவறு. நான்கு கதவும் திறந்திருந்தன, ஒரு ஃபேன் ஓடியது. பக்கத்து டீக்கடையிலிருந்து ஒருவர் பீடியோடு எட்டிப் பார்த்தபோது மட்டும் பாய் சத்தம் போட்டார். அந்த ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது ராமேஸ்வரம் டாக்சி ஒன்று வந்து நின்றது. அதன் பின் சீட்டைப் பார்த்து நான் அசந்துபோனேன். வெளிர் நிற லெதரில் செய்தித்தாள் எழுத்துகள், தலைப்பு, வரிகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி அச்சாகியிருந்தன. கோயிலில் இருபத்தி இரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத் துணியோடு வருகிறவர்களை ஏற்றும்போது, சீட் நனையாமல் இருக்கட்டும் என்று டிரைவர் பேப்பரை விரித்திருக்கிறார். ஈரமும் உடம்புச் சூடும் பாரமும் சேர்ந்து அச்சு மையை அப்படியே சீட்டுக்கு மாற்றிவிட்டன. "இது பேனா மை மாதிரி இல்ல, மேலோட கிடக்கும், நுரையிலயே போயிரும்" என்று பாய் ஓர் ஓரத்தைத் துடைத்துக் காட்டினார். பாதி வரி அழிந்தது. டிரைவரிடம், இனி பேப்பருக்குப் பதில் பழைய வெள்ளை வேட்டியை நான்காக மடித்துப் போடச் சொன்னார். ராமேஸ்வரம் ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மதியம் தொழுகைக்குப் போய்வந்து, உரிந்த இடத்தை எடுத்தார். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. மிக நைசான உப்புத்தாளால் சொரசொரப்பை நீவினார். பட்டி மாதிரி ஒரு பசையை விரல் நுனியால் தடவி, காயவிட்டு, திரும்ப நீவினார். பிறகு நிறம் கலந்தார். தண்ணீரில் கலக்கும் லெதர் நிறம். வெள்ளை, மஞ்சள், பழுப்பு, குச்சி நுனியில் கருப்பு. கலந்ததை ஒரு துண்டுத் தோலில் தடவி, ஹேர் டிரையரால் காயவைத்து, வெயிலில் கொண்டுவந்து சீட்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். டியூப்லைட்டில் சரியாக இருப்பது வெயிலில் மஞ்சளடிக்கும். நான்கு முறை கலந்து நான்கையும் ஒதுக்கினார். எனக்கு நான்காவதே போதும் என்று தோன்றியது, சொல்லவும் செய்தேன். "உங்களுக்குப் போதும் டீச்சர். உங்க வீட்டுக்காரர் பார்த்தா?" என்று கேட்டுவிட்டு ஐந்தாவது கலந்தார். அதைத்தான் ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி, மெல்லிய படலமாக ஆறு தடவை ஏற்றினார். கடைசியில் பளபளப்பு இல்லாத மேல் பூச்சு. ஒரு நாள் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லி நிழலில் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனபோது கண்டிஷனர் தடவி, துடைத்துக் கொடுத்தார். ஆல்கஹால் பட்ட தோல் வறண்டுபோகும், இது இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் அந்த இடம் விறைத்துவிடும் என்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காத்திருக்க ஒரு நாற்காலிதான், ரோட்டுப் புழுதி நேராக முகத்தில் வரும். பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை, நான் நடுவில் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்வந்தேன். பில் கிடையாது, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு லெதர் வேலைதான் எடுப்பார். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்கு மூடிவிடுவார். முன்கூட்டிப் போனில் சொல்லாமல் போனால் திரும்பித்தான் வர வேண்டும். நிறம் ஏற்றும்போது பூச்சு மேல் தூசி விழாமல் இருக்க அவர் போர்வை கட்டித்தான் சமாளிக்கிறார், ஒரு மூடிய அறை இருந்தால் இன்னும் நன்றாக வரும்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. நடுவில் இருந்த சிவப்பு திரும்ப வரவில்லை. நிறம் ஏற்றிய இடம் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது மட்டும், தெரிந்தவர் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். உரியவில்லை, வெடிக்கவில்லை. ஓர ரெக்சினில் கோடு, அவர் சொன்னது போலவே, மெல்லிய ரோஸாக இருக்கிறது. தையலில் நான்கு கண்ணி சிவப்பு. ஜூனில் வந்த என் கணவரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சீட்டில் குனிந்து வெகுநேரம் தேடினார். உரிந்த இடத்தை அவராகக் கண்டுபிடிக்க முடியவில்லை, நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். மறுநாள் அவரே பாய் கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

மை பட்ட உடனே என்ன செய்வது என்று பாயிடம் கேட்டு வந்ததையும் எழுதிவிடுகிறேன், இது காசில்லாமல் கிடைத்தது. தேங்கிய மையை டிஷ்யூ முனையால் உறிஞ்ச மட்டும் விட வேண்டும், அழுத்தக் கூடாது. ஏசியைப் போட்டு சீட்டைக் குளிர வைத்தால் மை இறங்குவது தாமதப்படும். பால் பாயிண்ட் என்றால் மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, பட்ஸில் ஆல்கஹால், ஓரத்திலிருந்து உள்ளே. ஊற்றுப் பேனா மை என்றால் ஈரத் துணியால் ஒற்றினாலே பெரும்பாலும் வரும். ஜெல் பேனாவில் பெரும்பாலும் கரையாத நிறத்தூள் இருக்கும், அது ஆல்கஹாலுக்கும் முழுதாக மசியாது, அதைத் தேய்க்காமல் ஆளிடம் கொண்டுபோவதே நல்லது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் சீட் என்றால் எதையும் ஊற்றவே கூடாது, மை ஃபோமுக்குள் இறங்கிவிடும். ஐபிஏ பாட்டிலைக் காரிலேயே வைக்கலாமா என்று கேட்டேன். இந்த ஊர் வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அது இருக்கவே கூடாது என்றார். என்னுடையது வீட்டு அலமாரியில் இருக்கிறது. காரில் பட்ஸ் டப்பா மட்டும். பேனாக்கள் எல்லாம் மகளின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில்.

ஓட்டுநர் சீட்டின் வலது ஓரத்தில், ஏறி இறங்கும் இடத்தில், பூச்சு வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் பாய்க்குப் போன் போட்டு அடுத்த சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன். கடை முழுக்க ராமேஸ்வரம் வண்டிகளாக நிற்கிறதாம். "ஆடி அமாவாசை கழியட்டும் டீச்சர். அதுவரைக்கும் அந்தப் பக்கமா உரசி ஏறாதீங்க" என்றார்.